சரிவராதாம்! யார் சொன்னது?

போன சனிக்கிழமை பின்னேரம், செட்டிகுளத்தில் ஒரு வீட்டு விறாந்தை. மேசையில் பழைய லப்டொப், பக்கத்தில் ஆறிப்போன பிளேன்ரீ. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற பிள்ளை ஒருத்தி கதிரை நுனியில் இருந்தபடி திரையை வெறித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணை, சிறுபோகத்துக்கெண்டு புதுசா ஒரு கொப்பி எடுத்தனான். அதில விளைச்சல் எல்லாத்தையும் சைபர் ஆக்கினன். இப்பப் பாத்தா காலபோகக் கணக்கும் சைபர் எண்டு நிக்குது.”

“எத்தினை குடும்பம்?”

“நாப்பத்தி மூண்டும்.”

“பழசை வேற எங்கயும் எடுத்து வைச்சனியோ?”

இல்லையென்று தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு லப்டொப்பின் மூடியை மெல்லச் சாய்த்துக்கொண்டே சொன்னாள்: “இதெல்லாம் எங்களுக்குச் சரிவராது அண்ணை.”

வந்ததே எனக்குக் கோபம்! நாற்பத்து மூன்று குடும்பத்தின் கணக்கு அழிந்ததில் எனக்குக் கோபமில்லை. நான் அழித்ததை விடவா அவள் அழித்துவிட்டாள்? அந்த ‘எங்களுக்கு’ என்ற சொல்தான் சுட்டது. ‘எனக்குச் சரிவராது’ என்று சொல்லியிருந்தால் ஒரு பிள்ளையின் சலிப்பு என்று விட்டிருப்பேன். ‘எங்களுக்கு’ என்றால் யார்? செட்டிகுளமா? வவுனியாவா? வன்னி முழுவதுமா? ஒரு ஊரையே கூட்டிக்கொண்டு போய்த் தோல்வியில் இருத்த உனக்கு யார் அதிகாரம் தந்தது?

தங்கச்சி, அன்றைக்கு உன் அம்மா முன்னால் அதிகம் கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறேன். உன்னைப்போல மூடியைச் சாய்க்கிற எல்லாப் பிள்ளைகளும் கேளுங்கள்.

முதலில், என்ன நடந்தது என்று பார். நடந்ததை விளங்கிக்கொள்ளாமல் அழுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

நீ பாவித்தது மொங்கோ டிபி. ஆவணத் தரவுத்தளம். பழைய மாதிரித் தரவுத்தளத்தில் எல்லாம் அட்டவணை. குடும்பத்துக்கு ஒரு அட்டவணை, அங்கத்தவருக்கு இன்னொன்று, வயலுக்கு வேறொன்று. ஆவணத் தரவுத்தளத்தில் அப்படியில்லை. சந்தையில் ஓலைப்பெட்டி விற்கிறவர் பெரிய பெட்டிக்குள் சின்னதும் அதற்குள் அதைவிடச் சின்னதுமாகச் செருகி வைத்திருப்பாரே, அது மாதிரி. குடும்பம் வெளிப்பெட்டி. அதற்குள் அங்கத்தவர் என்றொரு பெட்டி, வயல்கள் என்றொரு பெட்டி. வயலுக்குள் எத்தனை ஏக்கர், என்ன நெல், எத்தனை மூடை. இப்படி 100 அடுக்கு வரை போகலாம். ஒரு ஆவணம் 16 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். உன் நாற்பத்து மூன்று குடும்பமும் சேர்ந்தாலும் அந்த அளவின் ஓரத்தைக்கூடத் தொடாது.

நீ ஜாவாஸ்கிரிப்டில் மூன்று புள்ளி வைத்து வெளிப்பெட்டியைப் பிரதி எடுத்தாய். வேலை முடிந்தது என்று நினைத்தாய். அந்த மூன்று புள்ளி வெளிப்பெட்டியை மட்டுமே பிரதி எடுக்கும். உள்ளே இருந்த வயல் பெட்டியை அது தொடவே இல்லை. ‘வயல் அங்கே இருக்கிறது’ என்று ஒரு துண்டுச் சீட்டை மட்டும் எழுதிப் புதுப் பெட்டிக்குள் போட்டது. பழைய பெட்டியிலும் அதே சீட்டுத்தான்.

விளங்கவில்லையா? விதானையாரிடம் போகிறாய் என்று வை. உன் வீட்டுக் கோவையின் முன்பக்கத்தை மட்டும் போட்டோக்கொப்பி எடுத்துத் தருகிறார். உள்பக்கம் அலுமாரியில். நீ உன் கையில் இருக்கிற கொப்பியை நம்பி, “உள்பக்கத்தில் இதை வெட்டுங்கோ” என்று சொல்கிறாய். அவர் அலுமாரியைத் திறந்து வெட்டுகிறார். யாருடைய உள்பக்கம் வெட்டுப்பட்டது? இரண்டு கொப்பிக்கும் உள்பக்கம் அது ஒன்றுதானே!

அதுதான் நடந்தது. கணினியின் நினைவகத்தில் இரண்டு பெட்டிக்கும் ஒரே வயல். நீ புதியதில் மூடைக் கணக்கைச் சைபர் ஆக்கினாய், பழையதிலும் சைபர். அத்தோடு விட்டிருந்தால் தரவுத்தளத்தில் இருந்த பழைய கணக்கு தப்பியிருக்கும். நீ கெட்டிக்காரி. காலபோகம் முடிந்தது என்று குறித்துப் பழையதையும் திரும்பச் சேமித்தாய். போயிற்று.

இதற்கு உலகம் முழுக்க ஒரு பெயர் இருக்கிறது: மேலோட்டப் பிரதி. அடிவரை போய் எடுப்பதற்கு ஆழப் பிரதி என்று பெயர். ஒரு பிழைக்குத் தனிப் பெயர் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? உனக்கு முன்னால் ஆயிரமாயிரம் பேர் அந்தக் குழியில் விழுந்து, எழும்பி, குழிக்குப் பெயர்ப்பலகை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களில் ஒருவரும் “இது நியூயோர்க்காருக்குச் சரிவராது” என்று சொல்லி லப்டொப்பை மூடவில்லை!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்கு முதல் வாரம் உனக்குச் சிவப்பு எழுத்தில் ஒரு பிழை வந்தது. ஈ11000, டூப்ளிகேட் கீ. அதைக் கண்டு இரண்டு நாள் லப்டொப்பைத் திறக்கவில்லை என்று உன் தம்பி சொன்னான். ஏன் பயந்தாய்? இங்கிலிஸ் என்றா? அந்த வரியை முடிவுவரை வாசித்தாயா? எந்தச் சேகரத்தில், எந்தச் சுட்டியில், எந்தப் பெறுமதி இரண்டாம் முறை வருகிறது என்று மூன்றும் அதில் எழுதியிருந்தது. பிழை எங்கே என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுகிற ஒருவனைப் பார்த்து ஓடினாய். சத்தம் போடாமல் நாற்பத்து மூன்று குடும்பத்தையும் விழுங்கினதே இரண்டாவது பிழை, அது ஒரு எழுத்தும் சிவப்பில் காட்டவில்லை. கத்துகிற நாயைப் பார்த்துப் பயப்படாதே. படலைக்குப் பின்னால் பேசாமல் படுத்திருக்கிறதைப் பார்.

ஈ11000 ஏன் வந்தது? ஒவ்வொரு ஆவணத்துக்கும் மொங்கோ ஒரு ஐடி கொடுக்கும். பிரதியிலும் அதே ஐடியை வைத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாய். ஒரே அடையாள அட்டையோடு இரண்டு பேர் வந்தால் எந்தச் சாவடியில் விடுவார்கள்? ஐடியைக் கழற்றிவிட்டு அனுப்பினால் புதுசு ஒன்று தானாக வரும். அதை நீயே கண்டுபிடித்தாய். அன்றைக்கு ஏன் துள்ளிக் குதிக்கவில்லை?

அடையாள அட்டை என்றதும் ஒன்று. போய் அம்மாவின் பழைய அட்டையை எடு. ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். மார்ச் 10இல் பிறந்த பெண்ணுக்கு என்ன வரும்? சனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29 (அது லீப் ஆண்டோ இல்லையோ, அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29தான்), அதோடு 10. மொத்தம் 70. ஐந்நூறைக் கூட்டு, 570. உன்னுடைய புது அட்டையில் 12 இலக்கம். ஆண்டு முழுசாக நான்கு இலக்கத்தில் முன்னால் நிற்கும். இலக்கத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா, எப்போது பிறந்தவர் என்று சொல்லிவிடலாம்.

இப்போது மொங்கோவின் ஐடியைப் பார். அது 12 பைட். முதல் நான்கு பைட்டில் அது பிறந்த நேரம், 1970 சனவரி 1 முதல் எத்தனை செக்கன் என்று. அடுத்த ஐந்து எழுமாற்றாக விழுந்தது. கடைசி மூன்றும் வரிசை எண்ணி. முன்னால் பிறந்த காலம், பின்னால் ஒருவரோடு ஒருவர் மோதாமல் இருக்க வரிசை. எங்கள் ஆட்பதிவுத் திணைக்களம் அட்டையில் அடிக்கிற அதே யோசனை! இத்தனை நாளும் உன் பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டு திரிந்த சங்கதியை இங்கிலிஸில் கண்டதும் “சரிவராது” என்கிறாய்.

உனக்குச் சரிவராதா? பதிவு என்றால் என்ன என்று உன் ஊரை விட யாருக்குத் தெரியும்?

மொங்கோவைச் செய்தவர்கள் 2007இல் நியூயோர்க்கில் கம்பெனி தொடங்கினார்கள். இணைய விளம்பரத் தொழிலில், டபிள்கிளிக் என்ற கம்பெனியில், அட்டவணைகளோடு பட்ட பாடு தாங்காமல் வந்தவர்கள். 2009இல் அதை உலகத்துக்கு வெளியே விட்டார்கள். 2009! போர் முடிந்த அந்த ஆண்டு செட்டிகுளத்தில் என்ன நடந்தது என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. நீ கைக்குழந்தை. உன் வீட்டிலிருந்து மன்னார் வீதியால் கொஞ்சத் தூரம் போனால் மெனிக் பாம் முகாம் இருந்த இடம். கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெரியவர்களின் பெயர் வைத்த வலயங்கள். வெள்ளைக் கூடாரங்கள். முட்கம்பி. அருவியாற்றங்கரைக் காட்டை வெட்டி 2 இலட்சத்துக்கும் மேலான சனத்தை இருத்தினார்கள். கடைசிக் குடும்பங்கள் வெளியேறி முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

அந்தக் கூடாரங்களில் சனம் கேட்டது சோறும் தண்ணீரும் மட்டுமா? பதிவு கேட்டது. யார் யாரோடு வந்தது, யார் எந்த வலயத்தில் இருக்கிறது, யார் இன்னும் வரவில்லை. தாய் ஒரு வலயம், பிள்ளை இன்னொரு வலயம். குடும்பம் என்ற வெளிப்பெட்டி உடைந்து உள்ளே இருந்தவை சிதறிக் கிடந்தன. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாத பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர என்ன பாடு, அடையாள அட்டை தொலைத்த கிழவர் தான் தான்தான் என்று நிரூபிக்க என்ன பாடு. உன் அம்மா உன் பிறப்புப் பத்திரத்தைச் சொப்பிங் பைக்குள் சுற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டு நந்திக்கடலைக் கடந்தவள். அந்தத் தாளின் மடிப்பு இன்றைக்கும் வெடித்துக் கிடக்கிறது. நீ எனக்குக் காட்டினாய்.

உலகம் “குடும்பத்தை ஒரே பெட்டிக்குள் வைப்பது எப்படி” என்று கணினியில் யோசித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், அந்தப் பெட்டி உடைந்தால் என்ன ஆகும் என்பதை உன் அம்மா உடம்பால் படித்தாள். அந்த அம்மாவின் பிள்ளை சொல்கிறாள், ஆவணத்தைப் பிரதி எடுப்பது எங்களுக்குச் சரிவராதாம்!

சரி, கோபம் கொஞ்சம் ஆறட்டும். என் கதையைச் சொல்கிறேன். நான் வேலைக்குப் போன முதல் வருடம். ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) ஆவணங்களைப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். மூன்று புள்ளியின் குழி எனக்குத் தெரியும். அதனால் குறுக்குவழி பிடித்தேன். முழு ஆவணத்தையும் ஜேசன் என்ற எழுத்துவடிவமாக்கி, அதைத் திரும்பப் பொருளாக்கினால் உள்ளே எத்தனை பெட்டி இருந்தாலும் எல்லாம் புதிதாக வரும். வந்தது. மார்பைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒருவர் கேட்டார்: “1990க்குப் பிறகு பிறந்த ஆக்களின்ர பட்டியல் தாரும்.” எடுத்தேன். பழைய ஆவணங்கள் வந்தன. பிரதிகளில் இருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. ஜேசனுக்குத் திகதி என்றொரு வகை இல்லை. என் குறுக்குவழியில் எல்லாத் திகதியும் வெறும் எழுத்தாகிவிட்டது. கண்ணால் பார்த்தால் திகதி மாதிரியே இருக்கும். மொங்கோ திகதியைத் திகதியோடு மட்டும்தான் ஒப்பிடும். எழுத்தை அது ஏறிட்டும் பார்க்காது. ஐடிகளும் அப்படியே எழுத்தாகிக் கிடந்தன. ஒரு கிழமை இரவிரவாக இருந்து திருத்தினேன். ஆழப் பிரதிக்கு ஸ்ட்ரக்சர்ட் குளோன் என்று ஜாவாஸ்கிரிப்டிலேயே ஒரு வழி இப்போது இருக்கிறது. திகதியைத் திகதியாகவே வைத்துக்கொண்டு அடிவரை பிரதி எடுக்கும். ஆனால் மொங்கோவின் ஐடியை அது தன் இனமாக மதிக்காது, அதன் தன்மை போய்விடும். ஐடியை நீதான் தனியாகக் கவனிக்க வேண்டும். எந்தக் கருவியும் முழுதாக உன்னைக் காப்பாற்றாது. நீ திறந்து பார்க்க வேண்டும்.

நான் செய்த பிழைக்கு என்னை யாரும் சுடவில்லை. ‘வவுனியாப் பெடியனுக்குச் சரிவராது’ என்று அந்த இடத்தில் ஒருவர் முணுமுணுத்தார்தான். அவர் இன்னும் அதே கதிரையில் இருந்து முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாராம். இருக்கட்டும்.

இனி உன்னிடம் வருகிறேன். பாடத்தின் நெருப்பு இங்கேதான் இருக்கிறது.

அடுத்த படியில் மொங்கூஸ் என்ற கருவியைப் பாவிக்கப் போகிறாய். (மொங்கூஸ் என்றால் கீரிப்பிள்ளை. உன் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு வருகிறதே, அதுதான்.) இந்தக் கீரி என்ன செய்யும் என்றால், வெளிப்பெட்டிக்கு மட்டுமில்லாமல் உள்ளே இருக்கிற ஒவ்வொரு குட்டிப் பெட்டிக்கும் தானாக ஒரு ஐடி கொடுக்கும். ஒவ்வொரு அங்கத்தவருக்கும் ஒன்று, ஒவ்வொரு வயலுக்கும் ஒன்று. நீ வெளி ஐடியைக் கழற்றிப் பிரதி எடுப்பாய். ஈ11000 வராது. எல்லாம் சரி என்று நினைப்பாய். உள்ளே இருக்கிற ஐடிகள் அத்தனையும் பழையதே! மொங்கோ வாசலில் நின்று வெளிப்பெட்டியின் ஐடியை மட்டும்தான் சோதிக்கும். உள்ளே எட்டிப் பார்க்காது. ஒரே ஐடியோடு இரண்டு வயல், இரண்டு ஆவணத்தில். ஒருநாள் ‘இந்த ஐடி உள்ள வயலுக்கு உரம் குறி’ என்று சொல்வாய். எந்த வயலுக்குப் போகும் உரம்?

“அப்ப உள் ஐடி எல்லாத்தையும் மாத்தட்டோ அண்ணை?” என்று கேட்பாய். நில். அவசரப்படாதே.

போகம் மாறியதால் பிரதி எடுக்கிறாய் என்று வை. காலபோகத்தில் பிஜி 352 விதைத்த அதே இரண்டு ஏக்கர், சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் காணாது என்று அரை ஏக்கர் மட்டும் செய்கிறார்கள். நெல் மாறலாம், மூடை மாறலாம். வயல் மாறியதா? அதே வரம்பு, அதே வாய்க்கால். அப்படியானால் வயலின் ஐடி மாறக்கூடாது. மாற்றினால் இந்த வயல் ஐந்து வருடத்தில் எப்படி விளைந்தது என்று ஒருநாளும் பார்க்க முடியாது. ஒவ்வொரு போகமும் புது வயலாகத் தெரியும்.

இன்னொரு நாள் வேறு காரணத்துக்குப் பிரதி எடுப்பாய். மூத்த மகன் கலியாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போகிறான். தகப்பனின் ஆவணத்தைப் பிரதி எடுத்து அவனுக்கு ஒரு குடும்பம் உருவாக்குகிறாய். தகப்பன் பிரித்துக் கொடுத்த துண்டுக்குப் புது ஐடி வேண்டும். அது இப்போது வேறு வயல். அங்கத்தவர் பட்டியலில் மகனின் ஐடி? அவன் அதே ஆள்தானே! வயலில் ‘செய்கை பண்ணுபவர்’ என்று ஒரு அங்கத்தவரின் ஐடியைக் குறித்து வைத்திருந்தால், அங்கத்தவர் ஐடி மாறும் இடத்தில் அதுவும் கூடவே மாற வேண்டும். பழைய ஐடி இது, புது ஐடி இது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, இரண்டாம் முறை முழு ஆவணத்தையும் நடந்து, சுட்டுகிற இடமெல்லாம் மாற்ற வேண்டும். செய்யாவிட்டால் புதுக் குடும்பத்தின் வயலைப் பழைய குடும்பத்து ஆள் செய்கை பண்ணுவதாகப் பதிவு சொல்லும். இந்தச் சின்னப் பிழையால் எத்தனை வீட்டில் வேலிச்சண்டை வந்திருக்கிறது என்று உன் அப்பாவைக் கேள்.

இப்போது சொல். எந்த ஐடியை மாற்றுவது, எதை வைத்திருப்பது என்று மொங்கோ முடிவு செய்யுமா? செய்யாது. மூன்று புள்ளி? செய்யாது. நியூயோர்க்கில் இருக்கிற பொறியியலாளர்? அவருக்குச் சிறுபோகம் தெரியுமா? குளத்தில் தண்ணீர் குறைந்தால் எந்த வாய்க்காலை முதலில் மூடுவார்கள் என்று தெரியுமா? அந்த முடிவை எடுக்க, வரம்பில் நடந்த கால் வேண்டும். உன் கால் அது! நீ மூடியைச் சாய்த்த மேசையில், உலகத்தில் வேறு யாரும் தீர்க்க முடியாத ஒரு கணக்கு உன் கைக்காகக் காத்துக் கிடந்தது.

எங்கள் நாட்டவர் செய்ததில்லையா? 2004 டிசெம்பர் 26, சுனாமி. காணாமற்போனவர்களின் பட்டியல், முகாம்களின் பட்டியல், எதுவுமே ஒழுங்கில்லை. இலங்கை மென்பொருளாளர்கள் தாங்களே முன்வந்து, சில கிழமைகளுக்குள் சஹானா என்ற மென்பொருளைச் செய்தார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். பிறகு 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்குப் போனது, 2010இல் ஹெயிற்றிக்குப் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான விருதை அதற்குக் கொடுத்தது. இந்தத் தீவு தன் காயத்தில் இருந்து செய்த கருவியை உலகம் கடன் வாங்கியது.

உனக்குப் படிக்க இடமில்லையா? வவுனியா பஸ்ஸில் ஏறு. வழியில் பம்பைமடு. 2021 ஓகஸ்ட் 1 முதல் அங்கே இருக்கிற வளாகம் முழுப் பல்கலைக்கழகம். உன் ஊர் பஸ் அதன் வாசலால்தான் தினமும் போகிறது. இத்தனை நாளும் யன்னலால் பார்த்தது போதும். இறங்கு! பெறுபேறு போதாமல் போனாலும் பரவாயில்லை, மொங்கோ இலவசம், ஜாவாஸ்கிரிப்ட் இலவசம், உன் மேசை உன்னுடையது. மின்சாரம் போனால் பற்றறி இருக்கும்வரை எழுது. பற்றறி செத்தால் தாளில் எழுது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பிரதியில் கை வைக்கும் முன் மூலத்தை வேறொரு இடத்தில் எடுத்து வை. இதில் மன்னிப்பில்லை. ஒரே இடத்தில் வைத்திருந்தது போனால் என்ன ஆகும் என்று எங்களுக்கு 1981 சொல்லித் தந்தது. யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 அளவு நூல்கள். சில ஏடுகளுக்கு வேறு பிரதியே இல்லை. ஒரு இரவில் எரிந்தது. அந்தக் கரியில் இருந்து படித்த பாடம்தான் 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம். பிள்ளைகள் சம்பளமில்லாமல் இருந்து பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணி உலகத்தின் பல மூலையில் இருந்தும் திறக்கக்கூடியதாக வைத்தார்கள். அவர்களும் உன்னைப்போலத் தொடங்கினவர்கள்தான்.

அன்றைக்கு நான் புறப்பட எழும்பியபோது உன் அப்பா உள்ளே போய் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மட்டை எண்ணெய் படிந்து கறுத்திருந்தது. நாற்பத்து மூன்று குடும்பத்தின் காலபோக மூடைக் கணக்கும் நீல மையில், வரிசையாக, ஒன்றுகூடப் பிசகாமல். “இவளுக்குச் சொல்லாம வைச்சிருந்தனான்” என்றார். “கொம்பியூட்டர்ல ஏத்தினாப் பிறகும் எழுதிக்கொண்டுதான் வாறன்.” நீ அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். மூடியை நிமிர்த்தினாய். முதல் குடும்பத்தின் முதல் வயலைத் தட்டத் தொடங்கினாய். நான் வந்துவிட்டேன்.

இரவு பதினொன்று தாண்டி என் தொலைபேசி அதிர்ந்தது.

“அண்ணை, நாப்பத்தி மூண்டும் ஏத்தியாச்சு. பழசைத் தனியா எடுத்து வைச்சிட்டன், பென் டிரைவிலயும் இருக்கு. கொப்பி இப்ப அடிவரைக்கும் எடுக்குது. புதுசில சைபர் ஆக்கிப் பாத்தன், பழசு அசையேல்ல.”

படுக்கையில் கிடந்தபடியே சிரித்தேன். பதில் எழுத விரலை வைக்க முதல் இன்னொன்று வந்தது.

“ஒரு சந்தேகம். 27ஆவது குடும்பத்தில ஒரு பிள்ளை. தாய் தேப்பன் இல்லை. அம்மம்மாவின்ர வீட்டு அட்டையிலயும் பேர் இருக்கு, மாமாவின்ர வீட்டு அட்டையிலயும் பேர் இருக்கு. ரெண்டு வீட்டிலயும்தான் வளருது. அந்தப் பிள்ளையை எந்தப் பெட்டிக்குள்ள வைக்கிறது? ரெண்டிலயும் வைச்சா ஒரு பக்கம் மாத்தேக்க மற்றப் பக்கம் மாறாது. ஒண்டில மட்டும் வைச்சா மற்ற வீட்டில பிள்ளை இல்லையெண்டு ஆகிடும். பிள்ளையை வெளியில தனிப் பெட்டியா எடுத்து வைச்சிட்டு ரெண்டு வீட்டுக்குள்ளயும் சீட்டு மட்டும் போடட்டோ?”

எழும்பி லைற்றைப் போட்டேன். மேசையில் கிடந்த கொப்பியை இழுத்து, நடுவில் ஒரு பெட்டி கீறினேன். அதற்கு மேலே இரண்டு வீடு.